மூன்று வாரத்தில் ஒரு வாரம்

கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து படித்த மெக்கானிக்கல் டிப்ளமோ மட்டுமே என் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு, சரக்கு அனுப்பும் பிரிவில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானபோது நானும் விண்ணப்பித்தேன். அந்த வேலையின் பாதியை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பட்டம் இல்லை என்ற ஒரே குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்று மாலையே வேலை பார்த்துக்கொண்டு படிக்க ஏதாவது ஒரு மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எந்தப் பட்டம், எங்கே, எந்த நேரத்தில் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பிடித்தன.

மாலை நேரக் கல்லூரி என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி என்று ஒன்று நடப்பதை அறிந்தவர்கள் அதையே மாலைக் கல்லூரி என்று எனக்குச் சொன்னார்கள். ஆனால் அது பிற்பகலில் தொடங்கிச் சாயங்காலம் வீடு திரும்பும் வகுப்பு. காலையில் ஒரு கடையிலோ அச்சகத்திலோ அரை நாள் வேலை பார்க்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அது பொருந்தும். எட்டு மணி நேரம் ஆலைக்குள் நிற்கிறவனுக்குப் பொருந்தாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்டில் இருக்கும்போதுகூட, இரண்டு மணிக்கு வெளியே வந்து, ஆலை இருக்கும் குடிகாட்டிலிருந்து கடலூர் நகருக்குள் போய்ச் சேர்வதற்குள் முதல் இரண்டு பாட வேளைகள் முடிந்துவிடும்.

அடுத்து நான் பார்த்தது பகுதிநேர பி.இ. தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கென்று மூன்றரை ஆண்டு, அதாவது ஏழு செமஸ்டர் கொண்ட மாலைப் படிப்பு நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆனால் அது நடப்பது கோவை, சேலம், வேலூர், திருநெல்வேலி, காரைக்குடி போன்ற ஊர்களில். கடலூரிலிருந்து பார்த்தால் வேலூர்தான் கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும்போதே அந்தக் கிட்டத்தின் அழகு விளங்கிவிடும். பிறகு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 கல்வியாண்டிலிருந்து, பணியில் இருப்பவர்களுக்கென்று தனி வகுப்பை அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் நடத்திக்கொள்ளக் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்திருக்கிறது என்று எங்கள் மின்பராமரிப்புப் பிரிவில் ஒருவர் சொன்னார். டிப்ளமோ படித்தவர்கள் இதில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அப்படி ஒரு வகுப்பு தொடங்குவதாகவும் அவர் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. சனி, ஞாயிறு விடுமுறை. ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் கட்டணம். கேட்பதற்கு எனக்காகவே வகுத்தது போல இருந்தது.

விசாரிக்கப் போன நாளிலேயே வழி எனக்கு ஒரு பாடம் நடத்தியது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று போகும் சாலை தூரக் கணக்கில் பெரிய பயணம் அல்ல. ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு மேல் அந்தச் சாலையைத் தூரத்தால் அளப்பதில் பயன் இல்லை. தவளக்குப்பம் வரை வண்டி நன்றாகவே ஓடும். அதன் பிறகு நோணாங்குப்பம் பாலம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று நகரும். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் மதுக்கடைகளுக்காக இறங்கி ஏறும் கூட்டத்துக்குப் படிப்போடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரவு ஒன்பதரை மணிக்குத் திரும்பி வரும் வண்டியில் அந்தக் கூட்டமும் நம்மோடு பயணம் செய்யும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு படித்தபடி வீடு திரும்பலாம் என்ற என் கனவு அந்த ஒரே இரவில் கலைந்தது.

இருந்தாலும் பயணம் என்னைத் தடுத்திருக்காது. தடுத்தது ஷிப்ட். அந்தக் கணக்கை நான் இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நான் கேட்ட எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் அதை யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. ஆலையில் எனக்கு முன்னால் படிக்கப் போனவர்களும் பட்ட பிறகே அதைத் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் ஆலையில் ஏ ஷிப்ட் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. வாரத்துக்கு ஒரு முறை சுழலும். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று கொண்டால், ஐந்து வாரம் ஏ, ஐந்து வாரம் பி, ஐந்து வாரம் சி. வாரத்துக்கு ஐந்து மாலை வீதம் மொத்தம் 75 மாலைகள். பி ஷிப்டில் இருக்கும் 25 மாலைகளில் நான் கல்லூரிக்குப் போகவே முடியாது. மிச்சம் 50. அதாவது 66.6 விழுக்காடு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுதக் குறைந்தது 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்கள் காண்டனேஷன் கட்டணம் கட்டி மன்னிப்புப் பெற்று எழுதலாம். ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், ஒரு கல்யாணத்துக்கும் போகாமல் இருந்தால், ஆறு செமஸ்டருக்கும் அபராதம் கட்டி நான் தேர்வு எழுதலாம் என்பது முதல் கணக்கு.

ஆனால் அதுவும் தவறான கணக்கு. சி ஷிப்ட் வாரங்களில் மாலை காலியாக இருப்பதாக நான் நினைத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு ஆலைக்குள் இருக்க வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து 9.15-க்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்க வகுப்பிலிருந்து எட்டு மணிக்கே எழுந்துவிட வேண்டும். கடைசிப் பாட வேளை ஒவ்வொரு நாளும் போகும். வருகைப்பதிவை நாளாக எடுக்காமல் மணி நேரமாக எடுப்பதாகக் கல்லூரியில் சொன்னார்கள். அப்படியானால் மொத்தம் 225 மணி நேரம். ஏ ஷிப்ட் வாரங்களில் 75, சி ஷிப்ட் வாரங்களில் 50, ஆக 125. விழுக்காடு 55.5. அபராதம் கட்டினாலும் தேர்வுக் கூடத்துக்குள் விட மாட்டார்கள். பின்பக்கம் பழைய ஷிப்ட் அட்டவணை அச்சிட்ட ஒரு தாளில், கேன்டீன் மேசையில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டேன். போட்டு முடித்தபோது எதிரில் இருந்தவர் என்னப்பா, வீட்டுக்கு ஏதாவது ஆபத்தா என்று கேட்டார்.

ஷிப்டை மாற்றிக்கொள்ளலாமே என்று இதைப் படிக்கும் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு முன்னால் அப்படிச் செய்தவர் எங்கள் பிரிவிலேயே இருக்கிறார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு மாலைப் படிப்பில் சேர்ந்து, பி ஷிப்ட் வரும்போதெல்லாம் நண்பர்களிடம் கேட்டு ஏ ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். முதல் இரண்டு மாதம் எல்லோரும் மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள். பிறகு கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பதில் தவறும் இல்லை. ஒருவர் மகளுக்குக் காதுகுத்து, இன்னொருவர் ஊரில் மாசிமகத் திருவிழா, மூன்றாமவர் தாயாரைச் சிதம்பரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எல்லாமே செமஸ்டர் தேர்வை ஒட்டிய நாள்களில் வந்து சேர்ந்தன. கடனாக வாங்கிய பணத்தைத் தவணையில் கொடுக்கலாம், கடனாக வாங்கிய ஷிப்டை அவர்கள் கேட்கும் அன்றுதான் கொடுக்க முடியும் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். இரண்டாம் ஆண்டில் ஐந்து அரியர், மூன்றாம் ஆண்டில் அவர் போகவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை, இரண்டு நண்பர்களோடு பேச்சும் நின்றது.

ஆகவே நான் பொது ஷிப்ட் கேட்டுப் பார்த்தேன். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. மேலாளர் மறுக்கவில்லை, கல்லூரி கேட்ட தடையின்மைச் சான்றும் தருவதாகச் சொன்னார். ஆனால் பொது ஷிப்டுக்குப் போனால் இரவுப்படி இல்லை, கூடுதல் நேர வேலைக்குக் கிடைக்கும் இரட்டிப்பு ஊதியமும் பெரும்பாலும் இல்லை. என் கணக்கில் மாதம் சுமார் 3,500 ரூபாய் குறையும். மூன்று ஆண்டுகளுக்கு அது 1,26,000 ரூபாய். கல்லூரிக் கட்டணம் 1,80,000. பேருந்துக் காசைச் சேர்க்காமலேயே மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் தொகை கட்டணம் மட்டுமே என்பதையும், வேலை பார்த்துக்கொண்டு படிப்பவனுக்கு இழக்கும் வருமானமும் கட்டணத்தின் ஒரு பகுதியே என்பதையும் என் மனைவிதான் ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்டினாள். இதையும் மீறிச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தபோது இன்னொன்று தெரிந்தது. 5.30-க்கு வேலை முடித்து அந்த வழியில் போனால் ஏழு மணிக்குத்தான் வகுப்பில் இருக்க முடியும். மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் தினமும் போகும். மறுபடியும் 66.6. அந்த எண் என் ஜாதகத்தில் எங்கோ எழுதியிருக்கிறது என்று அன்று தோன்றியது.

இந்த இடைவெளியில் ஒரு முகவரையும் சந்தித்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் மாடியில் ஓர் அறை. சுவர் முழுவதும் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகைகள். வகுப்புக்கு வர வேண்டாம், ஓராண்டில் பட்டம், பழைய தேதியிட்டும் தர முடியும் என்று அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஓராண்டில் தர எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனினும், ஐந்து மாத அலைச்சலுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நிமிடம் என் மனம் அசைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏமாளிகள் அல்லர். என்னைப் போல 55.5 வரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

என்னோடு அதே அறைக்கு வந்த நண்பருக்கு வக்கீல் படிப்பு ஆசை. இரவுச் சட்டக் கல்லூரி இருப்பதாக அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு காலத்தில் மாலைச் சட்டக் கல்லூரிகள் இருந்தது உண்மைதான். ஆனால் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும் என்கின்றன. தொலைநிலையில் சட்டம் படித்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்யவும் முடியாது. பொறியியலும் அப்படித்தான், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் அளித்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்கு வேறு விதமான சிக்கல். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர், நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கி அரசுத் தேர்வு எழுதலாம் என்று எண்ணியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் அப்படிப் பெறும் பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று தெரிந்ததும், இப்போது தனித்தேர்வராக மேல்நிலை வகுப்புப் பாடங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகுதான், தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டேன்: எந்தப் பட்டம்? தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு வேதியியல் பட்டம் வேண்டும், உற்பத்திப் பிரிவின் பொறுப்புக்கு பி.இ. வேண்டும், ஆனால் சரக்கு அனுப்பும் பிரிவுக்கும் ஸ்டோர்ஸுக்கும் அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஒரு பட்டம் போதும், வணிகவியல் என்றால் நல்லது என்று அவர்கள் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். நான் விரும்பிய இடம் சரக்கு அனுப்பும் பிரிவு. டிப்ளமோவுக்கு மேல் பி.இ.தான் என்று ஊரே நினைப்பதால் நானும் நினைத்தேன் என்பதைத் தவிர, மரப்பாலம் நெரிசலில் போய் நின்றதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

அதன் பின் தேர்வு எளிதானது. தொலைநிலைக் கல்வியில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பது மட்டும் போதாது. நாம் சேரும் அந்த ஆண்டில், நாம் சேரும் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்க்க வேண்டும். நல்ல பழைய பல்கலைக்கழகத்துக்கே சில ஆண்டுகளில், சில படிப்புகளுக்கு அனுமதி இல்லாமல் போவதுண்டு. அனுமதியோடு பெற்ற பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டையும் வைத்துப் பார்த்து, இரண்டாவதில் வணிகவியல் பட்டத்துக்குச் சேர்ந்தேன். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடப்பதால் ஓர் ஆண்டை இழக்க நேரவில்லை. பாட வகுப்புகளுக்குப் போவது நம் விருப்பம். ஒப்படைப்புகளை எழுதிக் கொடுப்பதும் ஜூன், டிசம்பர் தேர்வுகளை எழுதுவதும் கட்டாயம். ஏதாவது ஒரு வாரம் தவறினால் அந்த வாரம் மட்டும் தவறும், செமஸ்டரே போவதில்லை.

இழந்தது ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாத படிப்பு இது. பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று முதல் மாதம் எனக்குக் குழம்பியபோது எழுந்து கேட்க ஓர் ஆசிரியர் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாதான் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து விளக்கினார். மாலை வகுப்பில் நட்பு கிடைக்கும், தூங்கினால் தட்டி எழுப்ப ஆள் கிடைக்கும். பொது ஷிப்டில் ஐந்து மணிக்கு முன் வேலை முடிந்து, கல்லூரிக்கு அரை மணி நேரத்தில் போக முடிகிறவர்களுக்கு, குறிப்பாகப் புதுச்சேரி நகருக்குள்ளேயே வேலை பார்ப்பவர்களுக்கு, நான் மாலை வகுப்பையே பரிந்துரைப்பேன்.

நான் எதிர்பாராத ஒன்று, சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. ஏ ஷிப்ட் வாரத்தில், அதாவது கல்லூரிக்குப் போக மிகவும் ஏற்றது என்று நான் நினைத்திருந்த வாரத்தில், என்னால் படிக்கவே முடிவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தவனுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சி ஷிப்ட் வாரத்தில் தூக்கமே ஒரு பாடம்; அதில் தேர்ச்சி பெற்றாலே போதும். எந்த வாரம் என் கணக்கில் முழுவதும் பாழாகிப் போனதோ, அந்த பி ஷிப்ட் வாரம்தான் என் படிப்பு வாரம். இரவு பதினொன்றுக்கு வந்து படுத்து, காலை ஏழு மணிக்கு எழுந்தால், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை வீடு எனக்கே எனக்கு. தெளிந்த தலையோடு நான்கு மணி நேரம். ஐந்து நாளில் இருபது மணி நேரம். மாலைக் கல்லூரியில் ஏ ஷிப்ட் வாரத்தில் நான் உட்கார்ந்திருக்கக்கூடியது பதினைந்து மணி நேரம், அதிலும் பாதி கொட்டாவி.

முதல் தேர்வு வரும் டிசம்பரில். மையமாகப் புதுச்சேரியைக் குறித்திருக்கிறேன். 2024-இல் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை நினைத்து, மழை கடுமையாக இருந்தால் முதல் நாளே போய் அரியாங்குப்பத்தில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். டிசம்பர் மாத ஷிப்ட் அட்டவணையை எழுதிப் பார்த்ததில் இரண்டாவது வாரம் பி ஷிப்ட் வருகிறது. காலைத் தாளாக இருந்தால் எழுதிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினாலும் இரண்டு மணிக்கு ஆலையில் இருக்க முடியாது. எனவே அந்த வாரத்துக்கு இப்போதே மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்காவது நாளுக்கு அண்ணன் தன் சி ஷிப்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். பொங்கலுக்கு என்றார்.